கேட்காத கேள்வியின் விலை



ஒரு நிதி நிறுவனம் நொடித்துப்போகும் போதெல்லாம், "படித்தவர்கள்கூட எப்படி ஏமாந்தார்கள்?" என்று நாம் கேட்கிறோம். எச்சரிக்கை அடையாளங்கள் வெளியே தெரியாமல் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால், பெரும்பாலும் அவை கண்ணெதிரேயே இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் பொறுப்பைத்தான் ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் விட்டுவிடுகிறோம். அமெரிக்காவின் பெர்னார்ட் மேடாஃப் விவகாரம் இதற்குத் தெளிவான சான்று.

மேடாஃப் நாஸ்டாக் பங்குச் சந்தையின் தலைவராக இருந்தவர். சந்தை ஏறினாலும் இறங்கினாலும், தம்மிடம் பணம் கொடுத்தவர்களுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 10 விழுக்காடு இலாபம் கிடைத்ததாகக் கணக்குக் காட்டினார். உண்மையில் அந்தப் பணத்தில் அவர் பங்குகள் வாங்கவேயில்லை. புதிதாக வந்தவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுத்தார். 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் பலரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது எல்லாம் வெளியே வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். வாடிக்கையாளர் கணக்குகளில் இருப்பதாகக் காட்டப்பட்ட தொகை சுமார் 6,500 கோடி டாலர்.

அடையாளங்கள் இல்லாமலா இருந்தன? இவ்வளவு பெரிய நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்தது மிகச் சிறிய ஓர் அலுவலகம். 2001ஆம் ஆண்டிலேயே 'பாரன்ஸ்' என்ற வார இதழ் இந்த இலாபத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. ஹாரி மார்கோபோலஸ் என்ற நிதி ஆய்வாளர் 2000ஆம் ஆண்டு முதல் பலமுறை பங்குச் சந்தை ஆணையத்துக்கு எழுதி எச்சரித்தார்.

பிறகு ஏன் மக்கள் கவனிக்கவில்லை? முதலாவது, கேட்டபோதெல்லாம் பணம் தாமதமின்றி வந்தது. கையில் வந்த பணத்தையே நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது, மேடாஃப் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. இடம் கிடைத்ததே பேறு என்று நினைத்தவர்களுக்குக் கேள்வி கேட்கத் துணிவு வரவில்லை. மூன்றாவது, சிலருக்கு ஐயம் இருந்தது. ஏதோ தவறு நடக்கிறது, ஆனால் அது நமக்கு இலாபமாகத்தானே இருக்கிறது என்று அவர்கள் வாளாவிருந்தார்கள். நம் மனச்சான்றைத் தொட வேண்டிய இடம் இதுவே.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் மற்றவரைப் பார்த்து நம்பினார். மேடாஃப் யூதர், அவரிடம் ஏமாந்தவர்களுள் பலர் அவருடைய சமூகத்தினரே. வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி, பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற எலி வீசலின் அறக்கட்டளைகூட சுமார் 1.5 கோடி டாலரை இழந்தது. ஆணையம் கண்காணிக்கிறது என்று முதலீட்டாளர்கள் நம்பினார்கள். ஆணையமோ, பங்குகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று அவற்றைப் பாதுகாக்கும் நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்க்கவில்லை. 2006ஆம் ஆண்டில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் மோசடி அன்றே வெளிப்பட்டிருக்கும்.

நம் ஊர்களிலும் இப்படிப் பணம் கேட்டு வருபவர் பலவேளைகளில் முன்பின் தெரியாதவர் அல்லர். உறவினராகவோ, உடன் பணிபுரிபவராகவோ, நம் பங்கைச் சேர்ந்தவராகவோ இருக்கிறார். "அவரே போட்டிருக்கிறார், நாம் ஏன் யோசிக்க வேண்டும்?" என்ற சொல்லில்தான் ஆபத்து தொடங்குகிறது.

எனவே பணத்தைக் கொடுக்கும் முன் சில கேள்விகளைக் கேட்போம். இலாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? பணம் யாருடைய பாதுகாப்பில் இருக்கும்? கணக்கைத் தணிக்கை செய்பவர் யார்? மக்களிடம் வைப்புத்தொகை பெற இந்நிறுவனத்துக்கு உரிய அனுமதி உண்டா? பதில் புரியவில்லை என்றால் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக் கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது. நேர்மையானவர் கணக்கைக் காட்டத் தயங்கமாட்டார். மேலும், இது நம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. நாம் சேர்ந்திருக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக் கைம்பெண் தம் மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். நாம் கேட்காமல் விட்ட கேள்விக்கு அவர் விலை கொடுக்கும்படி ஆகாதிருக்கட்டும்.