லினக்ஸ் கணினி: எழுப்புவதும் உறங்க வைப்பதும்

பலருடைய வீடுகளில் இன்று ஒரு பழைய மடிக்கணினியாவது இருக்கிறது. தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. விண்டோஸ் மெதுவாகிவிட்டது என்று உபுண்டுவுக்கோ மின்ட்டுக்கோ மாறியவர்களும் உண்டு. பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், உம்மாவின் மருத்துவ அறிக்கைகள், திருமணப் படங்கள், கடைக் கணக்கு என்று ஒரு குடும்பத்தின் முக்கியமான ஆவணங்கள் பெரும்பாலும் அந்த ஒரே கணினியில்தான் இருக்கின்றன. அதைப் பலரும் மின்விசிறியை நிறுத்துவதைப் போல, பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து விடுகிறார்கள்.

இது ஏன் ஆபத்து என்பதை ஒரு கடையை வைத்துப் புரிந்து கொள்ளலாம். கூட்டமான நேரத்தில் முதலாளி ஒவ்வொரு விற்பனையையும் உடனே பேரேட்டில் எழுதுவதில்லை. மனதில் வைத்துக்கொண்டு, கை ஓய்ந்ததும் ஏற்றுவார். லினக்ஸும் அப்படித்தான். நீங்கள் 'சேமி' என்று சொன்னவுடன் கோப்பு வட்டுக்குப் போய்விட்டதாக நினைக்கிறீர்கள். உண்மையில் அது சில நொடிகள், சில நேரங்களில் 30 நொடிகள் வரைகூட, தற்காலிக நினைவகத்திலேயே காத்திருக்கும். வேகத்திற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் அந்த நினைவகம் அழிந்துவிடும். எழுத வேண்டியது எழுதப்படாமலே போகும்.

இதற்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறை, பெரிய மாற்றத்தைச் செய்வதற்கு முன் அதைச் சிட்டையில் குறித்துக்கொள்ளும். பாதியில் மின்சாரம் நின்றால், அடுத்த முறை சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரி செய்துவிடும். ஆனால் கவனியுங்கள்: வழக்கமான அமைப்பில் இது வட்டின் ஒழுங்கைத்தான் காக்கிறது. நீங்கள் கடைசியாகத் தட்டச்சு செய்த பக்கத்தைக் காப்பதாக அது வாக்களிக்கவில்லை.

இனி, கணினி எழுவது எப்படி என்று பார்ப்போம். பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ என்ற சிறு நிரல். அது கருவிகளைச் சோதித்துவிட்டு 'கிரப்' என்பதை அழைக்கும். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் திரை அதுதான். கிரப், லினக்ஸின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. ஒரே ஒரு நிரலைத் தொடங்கி, அதற்கு 1 என்று எண் கொடுத்து, மற்ற பொறுப்புகளை அதனிடம் ஒப்படைத்து விடுகிறது. மற்ற எல்லா நிரல்களும் இந்த ஒன்றாம் எண்ணின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அது இறந்தால் கணினியே நின்றுவிடும்.

முன்பு இந்த ஒன்றாம் எண்ணாக இருந்தது 'இனிட்'. யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் பதிப்பிலிருந்து வந்த முறையில் இயக்க நிலைகளுக்கு எண்கள் இருந்தன: 0 என்றால் அணைப்பு, 1 என்றால் பழுது பார்ப்பதற்கான தனிநபர் நிலை, 6 என்றால் மறுதொடக்கம். சேவைகள் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும். முன்னால் இருப்பது தாமதித்தால் பின்னால் உள்ள அனைத்தும் காத்திருக்க வேண்டியதுதான். 2010ல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் கொண்டுவந்த 'சிஸ்டம்டி' இதை மாற்றியது. எது எதைச் சார்ந்தது என்று பார்த்து, சாராதவற்றை ஒரே நேரத்தில் தொடங்குகிறது. ஒரே நிரல் இத்தனை அதிகாரத்தைக் கையில் எடுக்கலாமா என்று டெபியன் குழுவினரிடையே கடுமையான விவாதம் நடந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் 2015ல் டெபியன், உபுண்டு இரண்டுமே இதற்கு மாறின. வீட்டுப் பயனருக்கு இதனால் நன்மையே என்பது என் கருத்து. கணினி தாமதமாக எழுகிறதா? டெர்மினலில் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டினால், எந்தச் சேவை எத்தனை நொடி எடுத்தது என்ற பட்டியல் வரும். அச்சுப்பொறியே இல்லாத வீட்டில் அச்சுச் சேவை எதற்கு? அதை நிறுத்திவிடலாம். என்னவென்று தெரியாத பெயரை மட்டும் தொடாதீர்கள்.

முறையாக அணைக்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிரானது. ஒன்றாம் எண், இயங்கும் ஒவ்வொரு நிரலிடமும் 'வேலையை முடித்துக்கொள்' என்று முதலில் தகவல் சொல்லும். கேட்காத நிரலுக்காகப் பொதுவாக 90 நொடிகள் வரை பொறுக்கும். அதன் பிறகே வலுக்கட்டாயமாக நிறுத்தும். பின்னர் நினைவகத்தில் தேங்கியதை வட்டில் எழுதி, வட்டுகளை விடுவித்து, இறுதியாக மின்சாரத்தைத் துண்டிக்கும். சில நேரம் அணைக்கும்போது திரையில் ஒரு வரி ஓடிக்கொண்டே நொடிகளை எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். கணினி உறைந்துவிட்டது என்று அவசரப்படாதீர்கள். அந்த 90 நொடிப் பொறுமைதான் அது.

பொத்தானை ஒருமுறை அழுத்தி விட்டுவிடுவதும், அழுத்திப் பிடிப்பதும் ஒன்றல்ல. லேசாக அழுத்தினால் அது ஒரு வேண்டுகோள். இயங்குதளம் முறைப்படி அணைக்கும், அல்லது உங்களிடம் கேட்கும். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் யாரையும் கேட்காமல் மின்சாரம் நிற்கும். பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

பிள்ளைகள் இரவில் கணினியை விட்டு எழ மறுக்கிறார்களா? 'சுடோ ஷட்டவுன் +10' என்று கொடுத்தால் பத்து நிமிடத்தில் தானாக அணையும். மனம் மாறினால் 'சுடோ ஷட்டவுன் -சி' ரத்து செய்துவிடும். (இதைப் பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம்.)

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 8 முதல் 'ஷட்டவுன்' கொடுத்தாலும் அது முழுமையாக அணைவதில்லை. பாதி உறக்கத்திற்குத்தான் போகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதிக் கோப்புகளைத் திருத்த முயன்றால் அனுமதி மறுக்கப்படலாம், மீறினால் கோப்புகள் சிதையலாம். விண்டோஸின் மின்சார அமைப்புகளில் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நீக்கிவிடுங்கள். அதுவரை, விண்டோஸில் 'ரீஸ்டார்ட்' கொடுத்து லினக்ஸுக்கு வாருங்கள். மறுதொடக்கம் முழுமையானது.

மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர்களில் மேசைக் கணினிக்கு யுபிஎஸ் அவசியம். ஆனால் அது பத்து நிமிட அவகாசம்தான் தரும், வேலையைத் தொடர்வதற்கு அல்ல. பழைய மடிக்கணினியின் பேட்டரி செத்துவிட்டிருந்தால் அதுவும் மேசைக் கணினிக்குச் சமம்தான். பேட்டரி இன்னும் தாக்குப்பிடிக்கிறதா என்று அறிய, முக்கிய வேலை எதுவும் திறந்திராத நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.