மாலத்தீவில் எங்கே தங்குவது?

பூமியில் பயணம் செய்து படைத்தவனின் அத்தாட்சிகளைக் காணுமாறு திருமறை நம்மைப் பலவிடங்களில் ஏவுகின்றது. ஆகவே, மனைவி மக்களுடன் சில நாள்கள் ஒரு தீவில் தங்கி ஓய்வெடுத்து வர விரும்புவது குற்றமன்று. எனினும், எங்கே தங்குவது என்பதைப் பணம் செலுத்துமுன் ஆராய்தல் அவசியம். இதை எழுத நேர்ந்த காரணத்தையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

என் சகோதரியின் மகன், நிக்காஹ் முடிந்த கையோடு மாலத்தீவுக்குச் செல்ல உத்தேசித்து என்னிடம் ஆலோசனை கேட்டான். “முஸ்லிம்கள் வாழும் நாடுதானே, தாராளமாகப் போய் வா” என்று கூறி அனுப்பிவிட்டேன். அவனும் ஒரு விடுதிக்கு ஐந்து இரவுகளுக்கான தொகை முழுவதையும் முன்னதாகவே கட்டிவிட்டான். அங்கே போனால், உணவுக்கூடத்தின் நடுவிலேயே மது பரிமாறுமிடம், கடற்கரையில் பார்வையைத் தாழ்த்தாமல் நடக்க இயலாத நிலை, ஜும்ஆவுக்கோ வழியில்லை. மணப்பெண் பெரும்பாலும் அறையிலேயே அடைந்து கிடந்தாளாம். பிழை அவனுடையதன்று, விவரம் அறியாமல் விடை பகர்ந்த என்னுடையது.

வாசக அன்பர்களே! அந்நாட்டின் ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளில் மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவே. 1972ஆம் ஆண்டு ‘குரும்பா’ என்னும் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. (அவர்கள் மொழியில் அதற்கு இளநீர்க்காய் என்று பொருள், நம் தமிழின் ‘குரும்பை’யை நினைவூட்டவில்லையா?) அது முதல், குடிகளற்ற ஒரு தீவை முழுவதுமாக ஒரே விடுதிக்கு விடும் வழக்கம் பெருகிற்று. அத்தகைய விடுதித் தீவுகளில் மதுவுக்கும் பன்றியிறைச்சிக்கும் அனுமதியுண்டு. மக்கள் வாழும் தீவுகளிலோ மது அறவே தடை. இவ்வூர்த் தீவுகளில் பயணிகளுக்கான சிறு விடுதிகள் தோன்றியது 2009க்குப் பின்னரே. தலைநகர் மாலேயிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாஃபுஷியில் அவை மிகுதி.

ஊர்த் தீவிலும் ஒன்றைக் கேட்டறிதல் வேண்டும். அயல்நாட்டார் தம் நீராடும் உடையில் இறங்குவதற்கென்று கடற்கரையின் ஒரு பகுதியை ஒதுக்கியிருப்பர். உங்கள் விடுதி அப்பகுதியை ஒட்டியுள்ளதா, பள்ளிவாசலை ஒட்டியுள்ளதா என்பதே கேள்வி. வாடகை எவ்வளவு என்பது அதற்கு அடுத்ததுதான்.

1343ஆம் ஆண்டு அத்தீவுகளுக்கு வந்து காஜியாகப் பதவி வகித்த இப்னு பதூதா, அம்மக்களின் தூய்மையை வியந்து எழுதியிருக்கிறார்: வீதிகளைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பராம், கால் கழுவிய பிறகே வீட்டினுள் நுழைவராம். பெண்களின் உடை விஷயத்தில் தம் ஆணை செல்லுபடியாகவில்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. ஆக, இந்தச் சங்கடம் நேற்று முளைத்ததன்று! அங்கிருந்து அவர் இலங்கை வழியாக நம் மதுரைச் சீமைக்கும் வந்தார்.

இனித் தொழுகை. ஷாஃபி மத்ஹபினர், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் ஓரிடத்தில் தங்குவதாக நிய்யத் வைத்தால், அங்கே கஸ்ர் செய்தலாகாது. ஹனஃபிகளுக்கு அவ்வெல்லை 15 நாள்கள். பயணச் சலுகை நீங்கியவர், அத்தீவில் ஜும்ஆ நடைபெறுமாயின் அதில் கலந்துகொள்ளக் கடமைப்பட்டவராவார். விடுதித் தீவுகள் பலவற்றில் ஊழியர்களுக்கென்று சிறு பள்ளி உண்டு; அங்கே ஜும்ஆ நடைபெறுகிறதா, விருந்தினரை அனுமதிப்பரா என்று எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுக. கிப்லாவும் நம்மூரைப் போன்றதன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 பாகை சாய்கிறது. மாலேயில் 1658இல் பவளக்கல்லால் கட்டப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளியில் தொழுவோர், சுவரை நேராக நோக்காமல் அதன் வடமேற்கு மூலையை நோக்கியே அணி வகுக்கின்றனர்.

செலவு விஷயத்தில் விளம்பரத் தொகையை மட்டும் நம்ப வேண்டா. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு. சுற்றுலா வரி 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. இவற்றின் மேல் பசுமை வரியாக நபருக்கு நாளொன்றுக்கு விடுதித் தீவில் 12 டாலர், ஊர்த் தீவின் சிறு விடுதியில் 6 டாலர். பொதுப் படகுகள் வெள்ளியன்று பெரும்பாலும் ஓடுவதில்லை. கடல் விமானமோ பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் வந்திறங்குவோர் அன்றிரவு தலைநகரிலேயே தங்க நேரும். அந்த வாடகையையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம் என்பதால் வாடகை குறையும்; ஆனால் கடல் கொந்தளிக்கும்.

மருமகன் மீண்டும் போக எண்ணியுள்ளான். இம்முறை அவன் மனைவியே தீவுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விடுதிக்கும் கடிதம் எழுதி வருகிறாள். என் யோசனையை இருவரும் இதுவரை கேட்கவில்லை.