ஆளுக்கு 50 லிட்டர்!

காலையில் பல் விளக்குவது முதல் இரவில் தாகத்துக்குக் குடிப்பது வரை ஆளுக்கு மூன்று குடம், அதற்கு மேல் சில செம்பு. குளியல், சமையல், துணி துவைத்தல், பாத்திரம் கழுவுதல், கழிப்பறை எல்லாம் இதற்குள்ளேயே முடிந்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவிலுள்ள கேப்டவுன் நகரசபை 2018 பிப்ரவரி முதல் தேதி முதல் அமுலுக்குக் கொண்டுவந்த உத்தரவு இது. குடக் கணக்கு நம்முடையது. நகரசபை சொன்னது தலைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்.

மேஜை போல் தட்டையான மலையின் அடிவாரத்தில், கடலைப் பார்த்து அமைந்த அழகிய நகரம் அது. சுமார் 40 லட்சம் ஜனங்கள். குளிர்காலத்தில் பெய்யும் மழையை ஆறு பெரிய அணைகளில் தேக்கி, வருஷம் முழுவதும் செலவிட வேண்டும். 2015, 2016, 2017 ஆகிய மூன்று வருஷங்களும் வானம் கைவிட்டது. அணைகளுள் பெரியதான தீவாட்டர்ஸ்க்ளூஃப், தண்ணீர் நின்ற இடமெல்லாம் புழுதி பறக்கும் பொட்டலாயிற்று. இருப்பு 13.5 சதவீதமாகக் குறைந்தால் பெரும்பாலான வீட்டுக் குழாய்கள் அடைக்கப்படும். பிறகு சுமார் 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் பிடித்துச் செல்ல வேண்டும் என்று நகரசபை எச்சரித்தது. அந்த நாளுக்குப் 'பூஜ்ய நாள்' என்று பெயரும் சூட்டியது. 2018 ஏப்ரலில் அது வந்துவிடும் என்பது அப்போதைய கணக்கு.

ஊர் மாறிவிட்டது! ஷவரின் கீழ் இரண்டே நிமிஷம். காலடியில் ஒரு வாளி. அதில் சேரும் சோப்புத் தண்ணீர் கழிப்பறைக்கு. பிரபல பாடகர்கள் சிலர், குளிப்பவர் நேரம் பார்த்துக்கொள்ளத் தங்கள் பாட்டுகளை இரண்டு நிமிஷமாகச் சுருக்கிக் கொடுத்தார்கள். அழுக்குப் படிந்த கார் கௌரவச் சின்னமாயிற்று. நியூலண்ட்ஸ் பகுதியின் இயற்கை ஊற்றில் கார்க்காரரும் கைவண்டிக்காரரும் ஒரே வரிசையில் கேன்களுடன் நின்றார்கள்.

ஆனால் எல்லோரும் மனமுவந்து இசைந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நகரசபை ஒரு வரைபடத்தை வெளியிட்டது. சிக்கனமாகச் செலவிடும் வீடுகளுக்கெல்லாம் அதில் பச்சைப் புள்ளி. அடுத்த வீட்டுக்காரர் யோக்கியரா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இது நல்ல தூண்டுதல் என்றனர் சிலர். அண்டை வீட்டாரை வேவு பார்க்கச் சொல்வதா என்று சீறினர் வேறு சிலர். 60 சதவீதம் பேர் அலட்சியமாகத் தண்ணீரைச் செலவிடுகிறார்கள் என்று மேயர் பட்ரீஷியா டி லில் 2018 ஜனவரியில் குறைகூறியபோது, வாளி வாளியாகச் சுமந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

நகரின் ஓரத்துக் குடிசைகளில் பேச்சே வேறு. பல குடும்பங்களுக்கு ஒரு பொதுக் குழாய். அங்கிருந்து சுமந்து வருவதுதான் அவர்களுடைய தண்ணீர். 50 லிட்டர் அவர்களுக்குப் புதிய கஷ்டமன்று, பழைய வாழ்க்கை. குடிசைப் பகுதிகள் அனைத்துக்கும் சேர்த்து நகரத் தண்ணீரில் சுமார் 4 சதவீதமே செலவாயிற்று. பூந்தோட்டமும் நீச்சல் குளமும் உள்ளவர்கள் வரிசையில் நிற்க நேர்ந்த பிறகுதானா இது நெருக்கடி என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. தினசரி அளவு தீர்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிடும் கருவிகளை ஏழைகளின் வீடுகளில் பல வருஷங்களுக்கு முன்பே பொருத்தியிருந்தார்கள். ஒரே மீட்டரில், கொல்லைப்புறத்துக் கொட்டகையில் குடியிருப்போரும் சேர்ந்து வாழும் வீட்டில் தலைக்கணக்கு எப்படிச் சரிப்படும்? கூடுதல் அளவு வேண்டுமானால் மனுப் போட்டுத்தான் பெற வேண்டும்.

இதற்கிடையில் விவசாயிகள் கை கொடுத்தார்கள். குரோன்லாந்து பாசனச் சங்கத்தார் 2018 பிப்ரவரியில் தங்கள் அணையிலிருந்து 1,000 கோடி லிட்டரை நகருக்குத் திறந்துவிட்டனர். நகரின் செலவும் 2015-ல் இருந்த நாளொன்றுக்குச் சுமார் 120 கோடி லிட்டரிலிருந்து 50 கோடியைச் சற்றுத் தாண்டிய அளவுக்கு இறங்கியது. ஜூனில் நல்ல மழை. பூஜ்ய நாள் வரவேயில்லை.

தண்ணீர் மிஞ்சியது, நகரசபையின் பணப்பெட்டிதான் காலி! விற்பனை குறைந்தால் வருமானமும் குறையும் அல்லவா? சொத்து மதிப்பின்படி வறட்சி வரி போடும் யோசனைக்குப் பல்லாயிரக்கணக்கான ஆட்சேப மனுக்கள் குவிந்து, 2018 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. ஆனால் ஜூலையில், வீட்டுக்கு வரும் குழாயின் பருமனுக்கேற்ப மாதந்தோறும் ஒரு நிரந்தரக் கட்டணம் வந்து சேர்ந்தது. ஒரு சொட்டும் செலவழிக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். சிக்கனத்துக்கு இதுதான் சன்மானமா என்று மத்தியதர வகுப்பார் கொதித்தனர். குழாய்களையும் அணைகளையும் பராமரிக்கும் செலவு தண்ணீரோடு சேர்ந்து குறைவதில்லை என்றது நகரசபை. இரண்டு கட்சியிலும் உண்மை உண்டு. ஆனால் சிக்கனத்தைக் கேட்ட அன்றே இந்தக் கணக்கையும் விளக்கியிருந்தால் இவ்வளவு மனக்கசப்பு நேர்ந்திராது.

2018 அக்டோபரில் 50 லிட்டர் 70 ஆயிற்று; டிசம்பரில் 105. அணைகள் நிரம்பிய பிறகு, 2020 நவம்பரில் கட்டுப்பாடுகள் நீங்கின. குழாய்க் கட்டணம் மட்டும் ரசீதில் அப்படியே இருந்தது.