தொடக்ககால இயங்குதளங்களும் தமிழும்

தனிநபர் கணினிகளுக்கான தொடக்ககால இயங்குதளங்கள் ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு உருவானவை. 1980களிலும் 1990களிலும் கணினியில் தமிழ் எழுத விரும்பியோர் தனி மென்பொருள்களையும் எழுத்துருக்களையும் நம்பியிருந்தனர். இதனால் எழுந்த குறியாக்கக் குழப்பம் ஒருங்குறி பரவும் வரை நீடித்தது.

தோற்றம்

கணினியின் வன்பொருளுக்கும் பயன்பாட்டு மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைப்பது இயங்குதளம். 1974இல் கேரி கில்டால் இன்டெல் 8080 நுண்செயலிக்காக சிபி/எம் இயங்குதளத்தை உருவாக்கினார். வன்பொருளைச் சார்ந்த பகுதி 'பயாஸ்' எனத் தனியே பிரிக்கப்பட்டதால், அதை மட்டும் மாற்றி எழுதி வெவ்வேறு கணினிகளில் சிபி/எம்மை இயக்க முடிந்தது.

1980இல் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் டிம் பேட்டர்சன், இன்டெல் 8086 செயலிக்காக சிபி/எம்மை ஒத்த ஓர் இயங்குதளத்தை எழுதினார். மைக்ரோசாப்ட் 1981 ஜூலையில் அதன் உரிமையை வாங்கியது. 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியான ஐபிஎம் பிசியில் அது பிசி-டாஸ் எனப்பட்டது. பிற நிறுவனங்களின் கணினிகளில் எம்எஸ்-டாஸ் என வழங்கியது.

டாஸில் தமிழ்

டாஸின் உரைத்திரையில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு ஒதுக்கப்பட்டது. எனவே 256 குறியீடுகளே கிடைத்தன. முதல் 128 இடங்களை ஆஸ்கி எடுத்துக்கொண்டது. தமிழிலோ 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள். எஞ்சிய 128 இடங்களில் இவற்றைத் தனித்தனியே வைக்க இயலாது. மேலும், திரையில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டமே இருந்ததால் 'ர', 'ண' இரண்டும் ஒரே அளவில் அடங்க வேண்டியிருந்தது.

இதற்கு இருவகைத் தீர்வுகள் தோன்றின. ஒன்று, தமிழ் எழுத்துகளைத் தானே திரையில் காட்டும் மென்பொருள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு இவ்வழியில் முன்னோடியானது. மற்றொன்று, கணினிக்குள் பொருத்தும் ஜிஸ்ட் அட்டை. கான்பூர் ஐஐடியில் தொடங்கிய ஆய்வைத் தொடர்ந்து சி-டாக் நிறுவனம் இதை வளர்த்தெடுத்தது. இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியாக்கம் 1991இல் இந்தியத் தரமானது.

விண்டோசும் எழுத்துருக்களும்

1992இல் வந்த விண்டோஸ் 3.1, ட்ரூடைப் எழுத்துருக்களை ஏற்றது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் பெருகின. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. கண்ணுக்கு மட்டுமே அது தமிழ்; அகரவரிசைப்படுத்துவதும் தேடுவதும் சரிவர நடக்காது.

ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு வரிசையைப் பின்பற்றியது சிக்கலை வளர்த்தது. எடுத்துக்காட்டாக, கடலூர் அச்சகம் ஒன்றில் தட்டச்சிட்ட ஆய்வேட்டைச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் திறந்தால், அதே எழுத்துரு அங்கு இல்லாதபோது பொருளற்ற குறிகளே தெரியும். ஒரே மாவட்டத்தின் இரு ஊர்களுக்கிடையே கூட, தாளில் அச்சிட்ட தமிழ் போய்ச் சேர்ந்தது. கோப்பில் இருந்த தமிழ் சேரவில்லை.

தரப்படுத்தல்

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு நடைபெற்றது. அதையடுத்துத் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. இணையத் தமிழ் ஆர்வலர்கள் உருவாக்கிய திஸ்கியும் அக்காலத்தில் வழங்கியது.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆனால் இயங்குதளம் ஏற்காதவரை அது பயன்படவில்லை. விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை லதா எழுத்துருவுடன் ஏற்றபின், தனி எழுத்துரு நிறுவாமலே தமிழைப் படிக்கும் நிலை உருவானது. 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது.

பழைய எழுத்துருக்களில் சேமித்த நூல்களையும் ஆய்வேடுகளையும் இன்று பயன்படுத்த, குறியாக்க மாற்றிகள் மூலம் அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். அதற்கு முதலில், கோப்பு எந்த எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டது என்பதை அறிந்திருப்பது தேவை.