பின் கண்ணாடியில் படம். ஓட்டுபவர் கண்ணுக்கு வழி



மாலை நேரத்தில் தோட்டத்துச் சாலை ஓரமாகச் சற்று நின்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும் வேன் ஒன்று போகும். பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுப்பவரின் வேன் ஒன்று போகும். முறுக்கும் அதிரசமும் சுட்டுப் பட்டணத்துக் கடைகளுக்குப் போடுகிற குடும்பத்தின் பழைய வேனும் போகும். அதன் பின் கண்ணாடி முழுவதும் ஒரே படம்: முறுக்குத் தட்டு, கடையின் பெயர், தொலைபேசி எண். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அடைத்த சுவர்போல இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கோ, பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள் நன்றாகத் தெரிகிறது.

இது எப்படி முடிகிறது? இதை நாமே ஒட்டலாமா? ஒட்டினால் எதில் கவனம் வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்று விடை பார்ப்போம்.

முதல் கேள்விக்கு விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சன்னலில் கொசுவலை அடித்திருக்கிறீர்கள் அல்லவா? பகலில் வாசலில் நிற்பவருக்கு வலைதான் தெரியும். வீட்டுக்குள் இருப்பது தெரியாது. உள்ளே இருக்கும் அம்மாவுக்கு வாசலில் விளையாடும் பிள்ளை தெளிவாகத் தெரிகிறான். வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் நிற்பவரின் கண்ணை வலை மறைக்கிறது. இரவில் வீட்டில் விளக்கைப் போட்டால் கதை தலைகீழாகிவிடும். உள்ளே நடப்பதை வெளியே நிற்பவர் பார்த்துவிடுவார்.

வேன் கண்ணாடியில் ஒட்டும் தாளும் அப்படித்தான். ஸ்டிக்கர் கடைகளில் இதை 'ஒன் வே விஷன்' என்பார்கள். நாம் துளைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். இது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதில் ஊசியால் குத்தியதுபோல ஆயிரக்கணக்கான சிறு துளைகள். ஒவ்வொரு துளையும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். தாளின் வெளிப்பக்கம் வெள்ளை. அதில்தான் படம் அச்சாகிறது. உட்பக்கம் கறுப்பு, பசையும் அந்தப் பக்கம்தான். வெளியே வெயில் பட்டதும் படத்தின் நிறங்கள் பளிச்சென்று கண்ணை இழுக்கும், துளைகள் மறைந்துபோகும். உள்ளே இருப்பவருக்குக் கறுப்புப் பக்கம் ஒளியைத் திருப்பி அடிப்பதில்லை. ஆகவே அவர் கண் துளைகளின் வழியாக வெளியே போய்விடுகிறது.

இந்தத் தாளின் உயிர் துளையில் இருக்கிறது. துளை அடைபட்டால் பின் கண்ணாடி உண்மையிலேயே சுவராகிவிடும். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, வேனில் தோசை மாவு கொண்டுபோய் விற்பவர். கடைக்காரர் கேட்ட கூலியை மிச்சப்படுத்த நினைத்து, அச்சடித்த தாளை மட்டும் வாங்கிவந்து வீட்டு வாசலில் தாமே ஒட்டினார். சாதாரண ஸ்டிக்கரைச் சவர்க்கார நீர் தெளித்து ஒட்டுவதைப் பார்த்திருக்கிறார், அதேபோலச் செய்தார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் சவர்க்கார நீர் துளைகளுக்குள் தங்கிக் காய்ந்து, மங்கலாகிப் போனது. செம்மண் தூசியும் அதில் சேர்ந்தது. ஒரு மாலை நல்ல மழை. லயத்துக்கு முன்னால் வேனைப் பின்னுக்கு எடுத்தார். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுவன் ஓடிவந்தான். பக்கத்து வீட்டுத் தாய் போட்ட கூச்சலில்தான் அவர் பிரேக்கை மிதித்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கண்ணாடியில பார்த்தேன் அண்ணே. வெறும் வெள்ளையாத்தான் இருந்துச்சு" என்றார் அவர். மறுநாளே தாளை உரித்துப் போட்டுவிட்டார்.

அவர் செய்த தவறுகள் இரண்டு. நீர் தெளித்து ஒட்டியது ஒன்று. மேல்தாள் போடாதது மற்றொன்று. நம் நாட்டில் நிறைய மழை பெய்கிறது. திறந்த துளையில் மழைநீர் புகுந்தால் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு நிற்கும். அந்தச் சொட்டு பூதக்கண்ணாடித் துண்டுபோல ஒளியை வளைத்துவிடும்; பார்வை கலங்கும். அதனால் வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் துளைத்தாளின்மேல் தெளிவான மெல்லிய தாள் ஒன்றை இயந்திரத்தில் வைத்து ஒட்டுவார்கள். இதற்கு லேமினேஷன் என்று பெயர். நீரும் தூசியும் துளைக்குள் போகாமல் இது மூடி வைக்கிறது. கடையில் விலை பேசும்போது, "லேமினேஷனோடுதானே?" என்று கேட்டுவிடுங்கள். பார்வையை மங்கச் செய்யாத தெளிவான தாள்தானா என்றும் கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தாளில் துளையின் பங்கு எவ்வளவு? சில தாள்களில் பாதி தாள், பாதி துளை. சிலவற்றில் துளையின் பங்கு 40 விழுக்காடு; சிலவற்றில் 30 விழுக்காடுதான். துளை குறையக் குறையப் படம் அழகாகும். ஓட்டுபவரின் பார்வை குறையும். கடைச் சன்னலுக்கு அழகு முக்கியம். ஓடுகிற வண்டிக்குப் பார்வை முக்கியம்.

கண்ணாடியில் ஏற்கெனவே கருமைத் தாள் ஒட்டியிருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கருமைத் தாள் பாதி வெளிச்சத்தை விடுகிறது. துளைத்தாளும் பாதியை விடுகிறது. பாதியில் பாதி கால். நூறு பங்கு வெளிச்சத்தில் இருபத்தைந்து பங்குதான் ஓட்டுபவருக்கு வந்து சேரும். பகலில் சமாளிக்கலாம். தெருவிளக்கு இல்லாத தோட்டத்துச் சாலையில், விளக்கு இல்லாமல் வரும் சைக்கிள் கண்ணில் படாது. ஆகவே இரண்டில் ஒன்றே போதும்.

இனி ஒட்டும் முறை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். வெயில் ஏறாத காலை நேரமும் நிழலான இடமும் வேண்டும். சூடான கண்ணாடியில் வைத்தவுடனே பசை பிடித்துக்கொள்ளும். தவறினால் திருத்த முடியாது.

முதலில் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைச் சவர்க்கார நீரால் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் பழைய பசையையும் மரப்பிசினையும் தகட்டால் சுரண்டி எடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். ஊசி போடுவதற்குமுன் தோலைத் துடைப்பார்களே, அந்த வகைதான். இது எண்ணெய்ப் பசையை நீக்கும். கடைசியாக நூல் உதிராத துணியால் துடைத்து, முழுவதும் காயவிடுங்கள். ரப்பர் விளிம்பில் ஒளிந்திருக்கும் நீரையும் ஒற்றி எடுத்துவிடுங்கள். கழுவுவதற்குத்தான் நீர், ஒட்டுவதற்கு நீர் கூடவே கூடாது.

அடுத்து, முதுகுத்தாளை உரிக்காமலே படத்தைக் கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று நாலடி தள்ளி நின்று பார்க்கட்டும் ஒருவர். சரியென்றால் மேல் விளிம்பு முழுவதையும் காகித ஒட்டுநாடாவால் கண்ணாடியோடு பிடித்துவிடுங்கள். கதவுக்குக் கீல் போல அது தாளைத் தாங்கும். தாளைத் தூக்கி, மேலே ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் முதுகுத்தாளை உரியுங்கள். துணி விளிம்பு வைத்த பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து இரு பக்கமும் அழுத்தித் தேயுங்கள். பிறகு ஒருவர் முதுகுத்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்க, மற்றவர் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். தாளை இழுத்து நீட்டாதீர்கள். நீட்டினால் துளைகள் கோணிப்போகும், தாளும் கிழியும்.

ஒட்டி முடிந்ததும் விளிம்பைக் கண்ணாடியின் எல்லையிலிருந்து மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டுங்கள். ரப்பரின்மேல் ஏறிய தாள் சில நாளிலேயே தூக்கிக்கொள்ளும். வெட்டிய விளிம்பின் வழியாக நீர் ஊறாமல் இருக்க, சுற்றிலும் தெளிவான நாடாவை ஒட்டுவது நல்லது. பின் கண்ணாடியில் மேலே பிரேக் விளக்கு இருந்தால் அந்த இடத்தை வெட்டித் திறந்துவிடுங்கள். கேமரா இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஒன்றிரண்டு நாள் வண்டியைக் கழுவ வேண்டாம். பசை நன்றாகப் பிடிக்கட்டும்.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். பாதித் தாள் துளையாக இருப்பதால் மெல்லிய எழுத்து உடைந்து தெரியும். நிறமும் சற்று மங்கும். பின்னால் வருகிறவர் சில விநாடிகளே பார்க்கிறார். ஆகவே பருத்த எழுத்தில் பெயர், தொழில், தொலைபேசி எண், இந்த மூன்று போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் கண்ணாடிக் கருமைக்கான விதி 2019 மே 8 முதல் மாற்றப்பட்டது. முன் கண்ணாடி 70 விழுக்காடும், முன் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும். ஆகவே இந்தத் துளைத்தாளை அங்கே ஒட்ட நினைக்காதீர்கள். பின் கண்ணாடிக்கு அந்தக் கருமை வரம்பு நீக்கப்பட்டது. ஆனாலும் பள்ளி வேன், டாக்சி, பேருந்து போன்று உரிமம் பெற்று ஓடும் வண்டியானால், ஒட்டுவதற்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒட்டிய பிறகு உரிப்பதைவிட அது எளிது.

வண்டியைக் கழுவும்போது மெத்தென்ற துணி போதும். வேகமாகப் பீய்ச்சும் நீர்க்குழாயை விளிம்பில் காட்டாதீர்கள். வெயிலில் நிறம் வெளுத்து, தாள் சுருங்கத் தொடங்கினால் எடுத்துவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடுகாட்டி, ஒரு மூலையிலிருந்து நிதானமாக உரியுங்கள். கொதிநீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

நேயர்களே, இது வீட்டுப் பெண்கள் சுட்ட முறுக்கை ஊரறியச் செய்யும் நல்ல வழி. வேலை தேடும் இளைஞருக்குக் கற்றுக்கொள்ளத் தக்க கைத்தொழிலும்கூட. ஆனால் ஒட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். உங்கள் பிள்ளையைக் கையைப் பிடித்து ஒருவர் வேனுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நிறுத்தட்டும். பகலில் ஒரு முறை, இருட்டியதும் ஒரு முறை, மழை நின்றதும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். வேனுக்குள் விளக்கு எரியக் கூடாது. மூன்று முறையும் பிள்ளையின் முகம் தெரிந்தால் அந்த வேலை நன்றாக அமைந்தது என்று பொருள். ஒரு முறை தெரியாவிட்டாலும், எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் உரித்துவிடுங்கள்.