இலை மஞ்சளானால் முதலில் வேரைப் பாருங்கள்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. கெட்டுப்போகும் பயிரும் முளையிலேயே தெரியும். ஆனால் அது எதனால் கெடுகிறது என்பதை அறிந்துகொள்ளத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் பெய்த பெருமழையால் கலவான உட்பட இரத்தினபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தின் பல இடங்களுக்கு அதே துயரத்தைக் கொண்டுவந்தது. இவ்வாறு இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று புதிய இடத்தில் வாழ்வைத் தொடங்கும்போது, அதன் கையில் இருக்கும் முதற் சொத்து பெரும்பாலும் பொலித்தீன் பையில் வளரும் சில கன்றுகளே. தேயிலை, மிளகு, கறுவா, கமுகு, மிளகாய், கத்தரி என்று அவை வாசலில், கூரையின் ஓரத்தில், நிலம் பண்படும் நாளுக்காகக் காத்திருக்கின்றன. அவை பட்டுப்போனால் அடுத்த நடுகைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். இருக்கிற கொஞ்சப் பணத்தில் மீண்டும் கன்று வாங்கவும் வேண்டும். ஆகவே பையில் இருக்கும் கன்றைக் காப்பாற்றுவது சிறிய விடயமன்று.

இலை மஞ்சளாகத் தொடங்கியதும் நம்மில் பலர் செய்வது இரண்டே காரியம்தான். ஒன்று, இன்னும் ஒரு சிரட்டை தண்ணீர் ஊற்றுவோம். அல்லது, ஒரு பிடி பசளை போடுவோம். இரண்டும் அன்பினால் செய்வதே. ஆயினும் கலவான போன்ற மழைப் பிரதேசத்தில், மஞ்சளான கன்றுக்கு இவ்விரண்டுமே கேடாக முடிவதுண்டு. நோய் தெரியாமல் மருந்து கொடுக்கலாகாது. கன்றின் நோயைத் தெரிந்துகொள்ளும் வழியையே இங்கு எழுதுகிறோம்.

தண்ணீர் நடுவே தாகம்

வேருக்குத் தண்ணீர் தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். வேருக்குக் காற்றும் தேவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மண் துணிக்கைகளுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில் இருக்கும் காற்றிலிருந்தே வேர் ஒட்சிசனைப் பெறுகிறது. அந்த இடைவெளிகள் அனைத்தையும் தண்ணீர் நிரப்பிவிட்டால் வேர் மூச்சுத் திணறுகிறது. தண்ணீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. மூச்சில்லாத வேருக்குத் தண்ணீரையோ சத்தையோ உறிஞ்சும் வலு இல்லை. ஆகவேதான் ஈர மண்ணில் நிற்கும் கன்று வாடுகிறது. நாம் அதைத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுகிறோம். வேர் அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேரில் பூஞ்சணம் போன்ற நோய்க் கிருமிகள் குடியேறுகின்றன. மிளகுக் கன்றுகள் இதனால் மிக விரைவில் மடிந்துபோகின்றன.

இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மட்டுமே மழை ஓரளவு குறைகிறது. மண்ணோ பெரும்பாலும் களிப்பாங்கான செம்மஞ்சள் மண். நிலத்தில் இருக்கும் மரத்துக்கு இது பெரிய தீங்கல்ல. மலைச்சரிவில் தண்ணீர் வடிந்துவிடும். பையின் அடியிலோ தண்ணீர் தேங்குகிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சுத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றபின் அதையே நெட்டாக நிறுத்துங்கள். மீண்டும் தண்ணீர் சொட்டும். பையும் அப்படியே. உயரமான பையில் மேல்மண் வடிந்து காற்றோட்டமாக இருக்கும். குட்டையான தகரப் பேணியில் மண் முழுவதுமே சேறாக நிற்கும்.

பையின் அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது சரியன்று. மேலே உள்ள மண் முழுதாக ஊறும் வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்குவதில்லை. கல் போட்டதால் வேருக்குரிய மண்தான் குறைகிறது. கல்லைவிடப் பையின் அடியிலும் பக்கங்களிலும் போதிய துளைகள் இடுவதே மேல்.

நான்கு சோதனைகள்

தண்ணீரோ பசளையோ இடுவதற்கு முன் பின்வரும் நான்கையும் செய்து பாருங்கள். காசு செலவில்லை.

1. விரல் சோதனை. மண்ணுக்குள் இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விடுங்கள். மேல்மண் காய்ந்திருந்தும் உள்ளே ஈரமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம்.

2. எடைச் சோதனை. தண்ணீர் ஊற்றி வடிந்த பையையும் காய்ந்த பையையும் தூக்கிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கையே தராசாகிவிடும். பிள்ளைகளும் இதைப் பழகிக்கொள்வார்கள்.

3. நேரச் சோதனை. மதிய வெயிலில் தலை சாய்ந்து மாலையில் நிமிர்ந்தால் அது வெப்பத்தால் ஏற்பட்ட வாட்டம். விடிகாலையில், மண் ஈரமாக இருக்கும்போதே வாடி நின்றால் கோளாறு வேரில் இருக்கிறது.

4. வேர்ச் சோதனை. சந்தேகம் தீரவில்லையானால் ஒரேயொரு கன்றின் பையை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். இளவேர் வெண்மையாக, உறுதியாக இருந்தால் நலம். கபிலமாகி, விரலால் உருவினால் தோல் கழன்று நூல் போன்ற நடுப்பகுதி மட்டும் எஞ்சினால் அது அழுகல். மண்ணை மோந்து பாருங்கள். நல்ல மண்ணில் மழை பெய்த வாசம் இருக்கும். கெட்ட மண்ணில் சேற்று நாற்றம் வீசும். மண்ணின்மேல் பச்சைப் பாசி படர்வதும் ஈரம் அதிகம் என்பதற்கு அடையாளமே. தேயிலைத் தண்டு நடப்பட்ட பையில், தாயிலை மஞ்சளாகி உதிர்வதும் தண்டின் அடி கறுப்பதும் அதே எச்சரிக்கையைத் தருகின்றன.

மூச்சுத் திணறும் கன்றுக்கு

வேரில் கோளாறு என்று தெரிந்தால் பசளையைத் தொடாதீர்கள். அழுகிய வேரால் உண்ண முடியாது. பசளையின் உப்பு மீதியுள்ள வேரையும் கருக்கிவிடும்.

தண்ணீரை நிறுத்துங்கள். பைகளை நிலத்திலிருந்து தூக்கி மூங்கில் தட்டியின் மீதோ இரண்டு வரிசைச் செங்கல் மீதோ வையுங்கள். அடைபட்ட துளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள். நெருக்கமாக அடுக்கிய பைகளைச் சற்று விலக்கிக் காற்றோட்டம் கொடுங்கள். கூரைத் தாழ்வாரத்தின் சொட்டு விழும் இடத்தில் எந்தக் கன்றையும் வைக்க வேண்டாம். பெருமழை நாட்களில் மேலே பொலித்தீன் விரிப்பைச் சாய்வாகக் கட்டி, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். நிழல் மிக அடர்ந்திருந்தால் சிறிது சிறிதாகக் குறையுங்கள். வெளிச்சம் குறைந்த கன்று தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும்.

பாதி வேர் அழுகிய காய்கறிக் கன்றாயின், அழுகியதைச் சுத்தமான கத்தியால் நீக்கிப் புதிய மண்ணில் வையுங்கள். களிமண்ணை மட்டும் நிரப்பாமல், மேல்மண்ணுடன் பருமணலும் நன்கு உக்கிய கூட்டெருவும் கலந்துகொள்ளுங்கள். இரத்தினக்கல் அரித்த இடங்களில் கழுவிக் கிடக்கும் பருமணல் இதற்கு உதவும். குழியிலிருந்து எடுத்த களி உதவாது. புதிய துளிர் வரும்வரை பசளை வேண்டாம்.

பசி என்றால் எந்தப் பசி?

வேர் வெண்மையாக இருக்கிறது, மண்ணில் அளவான ஈரம் உண்டு, ஆனாலும் இலை நிறம் மாறுகிறது என்றால் அப்போது பசியை நினைக்கலாம். எந்த இலையில் மாற்றம் தொடங்கியது என்பதுதான் முதற் கேள்வி.

சில சத்துகளைச் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் துளிருக்கு அனுப்பும். தன் சோற்றைப் பிள்ளைக்குக் கொடுக்கும் தாயைப் போல. இவை குறைந்தால் அடி இலைகளே முதலில் வாடும். அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறினால் நைதரசன் குறைவு. அடி இலையின் நரம்பு பச்சையாயிருக்க இடைப்பகுதி மஞ்சளானால் மகனீசியம் குறைவு. அடி இலையின் ஓரமும் நுனியும் கருகினால் பொற்றாசியம் குறைவாக இருக்கலாம். வேறு சில சத்துகள் அவ்வாறு நகர்வதில்லை. இளந்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு. துளிர் இலைகள் சிறுத்துக் குறுகி, நெருங்கி நின்றால் நாகம் குறைவு.

இங்கும் ஒரு சிக்கல் உண்டு. கூடிய தண்ணீரே இந்தப் பசிகளை உண்டாக்குவதும் உண்டு. மழை நைதரசனைக் கழுவிச் செல்கிறது. திணறும் வேர் இரும்பை உறிஞ்சாது. எனவேதான் வேர்ச் சோதனை எப்போதும் முதலில் வரவேண்டும்.

காய்கறிக் கன்றுக்கு நைதரசன் தேவை என்று உறுதியானால், 5 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி யூரியா போதும். முதலில் வெறுந்தண்ணீரால் மண்ணை நனைத்து, பிறகு கரைசலை ஊற்றி, இலையில் பட்டதைக் கழுவிவிடுங்கள். அடுத்த வேளை உணவுக்கு இரண்டு வாரமாவது பொறுங்கள். இலை நுனி கருகி, மண்ணின்மேல் வெள்ளை உப்புப் படிந்தால் பசளை மிகுந்துவிட்டது என்று பொருள். பச்சைச் சாணத்தைப் பையில் இட வேண்டாம். உக்கிய பிறகே இடலாம். 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது, ஒரு கரண்டிப் பசளையின் அருமையை நாம் அனைவரும் அறிந்தோம். அதை அழுகிய வேரின்மேல் கொட்டுவது வீண்.

தேயிலைக் கன்றுக்குத் தனி எச்சரிக்கை

அடுப்புச் சாம்பல் காய்கறிக்குச் சிறிதளவில் உதவும். தேயிலைக்குச் சாம்பலும் சுண்ணாம்பும் ஆகா. தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர். நாற்றுமேடை மண்ணின் பீஎச் பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை இருப்பது நல்லது. அதைவிடக் கூடினால் தண்டின் அடியில் கட்டி பெரிதாகத் திரளும், வேர் இறங்காது. பழைய லயத்து முற்றத்து மண்ணையும் அடுப்படி மண்ணையும் தேயிலைப் பையில் நிரப்ப வேண்டாம். தேயிலை நாற்றுக்கு டி 65 என்னும் பசளைக் கலவை உண்டு. அதன் அளவை உங்கள் பகுதித் தேயிலை விரிவாக்க உத்தியோகத்தரிடம் கேட்டே இடுங்கள். தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் தாழ்நாட்டு நிலையம் இரத்தினபுரி சென்ட் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கிறது. பலர் சேர்ந்து ஒரு நாற்றுமேடை அமைப்பதானால், மண் பரிசோதனை பற்றி அங்கே விசாரித்துக்கொள்வது நல்லது.

முதலில் கொத்து, பிறகு எரு

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காய்க்காத அத்திமரத்தின் உவமையை நாம் அறிவோம். வெட்டிவிடச் சொன்ன உரிமையாளரிடம் தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். அவர் சொல்லும் வேலை ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் மரத்தைச் சுற்றிக் கொத்துவேன் என்கிறார். எரு அதன் பிறகே. வேருக்குக் காற்று முதலில், உணவு பின்னால். இறைவனின் பொறுமையைப் பற்றிப் பேசும் அந்த உவமை, மண்ணை அறிந்த ஒருவரின் வாயால் பேசுகிறது.

இடம்பெயர்ந்து வந்த நமக்கும் ஒரு தவணை கிடைத்திருக்கிறது. இன்று மாலையே உங்கள் கன்றுகளைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பையையும் தூக்கிப் பாருங்கள், துளைகளைத் திறந்துவிடுங்கள், நன்றாக இருப்பவற்றையும் மெலிந்தவற்றையும் வேறு வேறாக வையுங்கள். ஒரு சங்கமாகவோ அன்பியமாகவோ சேர்ந்து, வாரம் ஒருமுறை ஒருவர் மற்றவரின் கன்றுகளைப் பார்த்து வந்தால், ஒரு வீட்டில் தெரிந்த கோளாறு அடுத்த வீட்டுக்கு வருமுன் தடுத்துவிடலாம். அடுத்த மழைக்காலத்தில் புதிய நிலத்தில் நடுவதற்கு உயிருள்ள வேருடன் கன்றுகள் நம் கையில் இருக்க வேண்டும்.