செவிலியர் படிப்பு: பணம் கட்டுமுன் பதிவைப் பாருங்கள்

நம் மருத்துவமனையில் சில நாள்கள் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களும் அவர்களுடன் துணைக்கு இருந்தவர்களும் விடைபெறும்போது மருந்துச் சீட்டைப் பற்றிய ஐயங்களோடு வேறொரு கேள்வியையும் அடிக்கடி கேட்கின்றனர்: "எங்கள் பிள்ளையை நர்சிங் சேர்க்கலாமா, டாக்டர்?" நள்ளிரவிலும் கட்டிலருகே வந்து நாடி பார்த்து, ஊசி மருந்தைச் சரிபார்த்துச் செல்லும் செவிலியரைக் கண்டவர்களுக்கு இந்த எண்ணம் தோன்றுவது இயல்பே. பசுவந்தனையைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் மானாவாரி வேளாண்மையும் தீப்பெட்டி ஆபீசுகளும் ஆடுமாடுகளுமே பெரும்பாலான குடும்பங்களின் வருவாய். அத்தகைய வீட்டில் ஒரு பிள்ளை செவிலியரானால் குடும்பமே நிமிரும். அதே காரணத்தால், தவறான இடத்தில் பணத்தைக் கட்டினால் இழப்பும் பெரிது. எனவே அக்கேள்விக்குச் சற்று விரிவாகவே இங்கு விடை கூறுகிறேன்.

செவிலியர் என்பவர் யார்?

வெள்ளைச் சீருடை அணிந்தவர் அனைவரும் செவிலியர் அல்லர். ஏற்பளிக்கப்பட்ட படிப்பை முடித்து, 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்தவரே செவிலியர். அந்தப் பதிவு எண் இல்லாமல் அரசுப் பணிக்கும் வெளிநாட்டு வேலைக்கும் விண்ணப்பிக்க இயலாது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இதை முடித்தால் குழுமத்தில் பதிவு கிடைக்குமா?" என்பதுதான். கட்டணம், விடுதி, பேருந்து வசதி ஆகியவை அதற்குப் பின்னரே.

ஆறு மாதம், ஓராண்டு என்று நகரங்களில் நடத்தப்படும் "நர்சிங் உதவியாளர்" சான்றிதழ்ப் படிப்புகளுக்கு இப்பதிவு கிடையாது. அவற்றை முடித்தவர் உதவியாளராகப் பணியாற்றலாம். அது மதிப்புள்ள வேலையே. ஆனால் எத்தனை ஆண்டு அனுபவம் சேர்ந்தாலும் அச்சான்றிதழ் அவரைச் செவிலியராக்காது. இதை அறியாமல் நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திய குடும்பங்கள் உண்டு.

பதிவு பெறத் தகுந்த படிப்புகள்

முதலாவது, நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். இதற்கு மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்) படித்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தேர்ச்சியும் தேவை. இந்திய செவிலியர் குழுமத்தின் விதிப்படி பொதுப்பிரிவினர் அறிவியல் பாடங்களில் 45 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண்களும் இதில் சேரலாம். இப்படிப்புக்கான கதவு பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே திறக்கிறது அல்லது மூடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கருத்தில் கொள்க.

இரண்டாவது, மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு. டி.ஜி.என்.எம். என்று அழைக்கப்படும் இப்படிப்பு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைச் சார்ந்த செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் நடைபெறுகிறது. இதை முடித்தோர் பின்னர் இரண்டாண்டு படித்துப் பட்டமும் பெறலாம். மூன்றாவது, ஈராண்டுத் துணைச் செவிலியர் படிப்பு. கிராம சுகாதாரப் பணிக்கு இது அடிப்படை.

பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறும். தமிழ்வழியில் படித்தவர்கள் முதலாண்டில் திணறுவது உண்மை. நாள்தோறும் பத்துச் சொற்களை எழுதிப் பழகியவர்கள் மீண்டு வருவதும் உண்மை. மொழிக்கு அஞ்சிப் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை.

விண்ணப்பமும் பணமும்

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டுப் பி.எஸ்சி. நர்சிங் இடங்கள் இதுவரை மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்பட்டு வருகின்றன. நீட் மதிப்பெண் கேட்கப்படுவதில்லை. சென்னையிலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு இணையவழியில் விண்ணப்பம் பெற்றுத் தரவரிசைப் பட்டியல் வெளியிட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. பட்டயப் படிப்புக்குத் தனி அறிவிக்கை வரும். விதிகள் மாறக்கூடியவை, ஆதலால் அவ்வாண்டின் தகவல் கையேட்டை முழுமையாகப் படியுங்கள். சாதி, இருப்பிடம், வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களைத் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் இ-சேவை மையம் வழியாக முன்னரே பெற்று வைப்பது நலம்.

இங்கு ஓர் இடர் உண்டு. தேர்வு முடிவுக்கும் கலந்தாய்வுக்கும் இடையே சில மாதங்கள் கழியும். அந்த இடைவெளியில், "இடம் தீர்ந்துவிடும்" என்று அவசரப்படுத்தி முன்பணம் கேட்போர் வருவர். கட்டிய பணத்தை மீட்பது எளிதன்று. மேலும், நம் கரிசலில் புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பணமாவது தை, மாசியில். கல்லூரிக் கட்டணம் கேட்பதோ ஆனி, ஆடிக்குப் பின், வீட்டில் கையிருப்பு வற்றிய காலத்தில். வெள்ளாமைப் பணத்தில் ஒரு பகுதியை அறுவடையின்போதே ஒதுக்கி வைத்தால் வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை குறையும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் (2022) மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024) உள்ளது. பட்டயப் படிப்புக்கும் இவை பொருந்தும்.

சேருமுன் உடல்நலம்

மருத்துவர் என்ற முறையில் இரண்டைக் கூறுவேன். செவிலியருக்கு ஊசி குத்தும் ஆபத்து எப்போதும் உண்டு. இரத்தத்தின் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி கல்லீரலைக் கெடுக்கும். இதற்கான தடுப்பூசியின் மூன்று தவணைகள் முடிய ஆறு மாதம் ஆகும் (முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம்). குழந்தைப் பருவத்துத் தடுப்பூசி அட்டை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையெனில் தேர்வு முடிந்ததுமே தொடங்குங்கள். அடுத்தது இரத்தச்சோகை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழிருந்தால் அது சோகை. எட்டு மணி நேரம், சில தனியார் மருத்துவமனைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்று செய்யும் பணிக்கு அந்த உடல் தாங்காது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதித்து மருந்து பெறலாம்.

முதல் வேலை

படிப்பு முடிந்ததும் செய்ய வேண்டிய முதற்பணி குழுமப் பதிவு. அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அரசு மருத்துவமனைப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு நடத்துகிறது. தேர்வானவர்கள் தொடக்கத்தில் தொகுப்பூதியத்தில் பணிபுரிந்து, பின்னரே காலமுறை ஊதியம் பெறுவர். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நார்செட் என்னும் பொதுத்தேர்வு 2020 முதல் நடைபெறுகிறது. பட்டயம் முடித்தோருக்கு, குறைந்தது 50 படுக்கை கொண்ட மருத்துவமனையில் ஈராண்டு அனுபவம் அதற்குத் தேவை. ஆகவே முதல் வேலையை ஊதியத்தை மட்டும் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டாம். பல பிரிவுகளில் சுழற்சிப் பணி, கற்றுத்தர மூத்த செவிலியர், முறையான அனுபவச் சான்றிதழ், பாதுகாப்பான தங்குமிடம் ஆகிய நான்கையும் கேட்டறியுங்கள்.

ஊதியம் பற்றி: உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து அமைக்கப்பட்ட வல்லுநர் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரையே, பல இடங்களில் நடைமுறைக்கு வரவில்லை. எனினும் பேச்சுவார்த்தையின்போது அந்த எண் நினைவில் இருக்கட்டும். மூலச் சான்றிதழ்களை எந்த முதலாளியிடமும் ஒப்படைக்க வேண்டாம், நகல் போதும். வளைகுடா நாடுகளுக்குச் செல்ல விரும்புவோர் தரகரை நாடாமல், 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகுங்கள்.

எந்தக் கல்லூரியிலும் பணம் கட்டுமுன் அதன் பெயரையும் அவ்வாண்டுக்கான அனுமதியையும் இந்திய செவிலியர் குழுமம், மாநிலக் குழுமம் ஆகிய இரண்டின் இணையப் பட்டியல்களிலும் சரிபாருங்கள். இணையம் பார்க்க இயலாதோர் கல்லூரியின் பெயரை எழுதிக்கொண்டு, அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது நம் செவிலியர் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடலாம்.